உரிமம் பெற்ற கணக்காளருக்குக் கொடுக்கும் பணம் தண்டமா?

பட்டறைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நானும் என் கூட்டாளியும் இயந்திர உதிரிபாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறை நடத்துகிறோம். ஆரம்பத்திலிருந்தே கணக்கு முழுவதும் ஒரே ஆள் கையில்தான். பில் போடுவது, வசூல், வங்கிக்குப் போவது, சம்பளம், எல்லாம் அவர்தான், நல்ல மனிதர், கணக்கு சாஃப்ட்வேரும் இருக்கிறது. இப்போது தொழிலைப் பெரிதாக்கக் கடன் கேட்டால், உரிமம் பெற்ற கணக்காளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கணக்கு வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு கையெழுத்துக்கு யாரையாவது பிடித்தால் போதும், நிரந்தரமாக ஒருவரை வைப்பது தண்டச் செலவு என்கிறார் கூட்டாளி. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் ஏன் என்று அவருக்குப் புரியும்படி சொல்லத் தெரியவில்லை. உண்மையில் தொழிலுக்கு இதனால் என்ன கிடைக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

தனிவழி:
நான் உங்கள் கூட்டாளி பக்கம். சாஃப்ட்வேர் வந்த பிறகு கணக்கில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? பில் போட்டால் வரி தானாகக் கணக்காகிறது, வங்கிப் பரிவர்த்தனைகள் தானாக வந்து விழுகின்றன, மாதக் கடைசியில் லாப நட்டக் கணக்கு திரையில் நிற்கிறது. நான் தனியாளாக ஆலோசனைத் தொழில் செய்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை வரித் தாக்கலுக்கு ஒருவரிடம் போகிறேன். அவர் கேட்பது ரசீதுகள், தருவது ஒரு படிவம். அதற்கு இவ்வளவு கட்டணமா என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

பேரேடு:
நான் இதே தொழிலில் உரிமம் வாங்கி வேலை பார்ப்பவன். என் பேச்சில் கொஞ்சம் சார்பு இருக்கத்தான் செய்யும், அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

தனிவழி சொன்னது அவர் தொழிலுக்குச் சரி. சரக்கிருப்பு இல்லை, ஆட்கள் இல்லை, கடன் இல்லை, வருமானம் வந்த அன்றே வந்ததுதான். பட்டறை அப்படியில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். கடைசல் இயந்திரத்தின் மோட்டார் எரிந்துபோகிறது, புதிது வாங்கிப் போடுகிறீர்கள். பில்லைப் பதியும்போது சாஃப்ட்வேர் ஒரு பட்டியலை நீட்டும்: இது பழுதுபார்ப்புச் செலவா, சொத்தா? செலவு என்றால் முழுத் தொகையும் இந்த ஆண்டு லாபத்தில் கழியும். சொத்து என்றால் இயந்திரத்தின் மதிப்போடு சேர்ந்து, ஆண்டுக்குக் கொஞ்சமாகத் தேய்மானமாகக் கழியும். பழைய நிலைக்குக் கொண்டுவந்தது மட்டும்தான் என்றால் பொதுவாக அது செலவு. இயந்திரத்தின் ஆயுள் கூடியது, உற்பத்தித் திறன் கூடியது என்றால் சொத்து. எரிந்ததைவிட சக்தி கூடிய மோட்டாராக வாங்கிப் போட்டிருந்தால்? அங்கே யோசிக்க வேண்டும், இயந்திரத்தைப் பற்றி உங்களிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும். பில்லில் அந்த விவரம் எதுவும் இருக்காது. சாஃப்ட்வேருக்குத் தெரிந்தது பில் மட்டும்தான்.

அப்புறம் முன்பணம். ஆர்டர் கொடுத்தவர் பாதித் தொகையை முன்னதாகவே போட்டுவிடுகிறார். வங்கியில் பணம் நிற்பதைப் பார்த்ததும் இந்த மாதம் நன்றாகப் போகிறது என்று மனம் சொல்லும். ஆனால் பொருளைக் கொடுக்கும் வரை அது வருமானம் இல்லை, நீங்கள் கொடுக்க வேண்டிய கடன். அதை விற்பனை என்று பதிந்துவிட்டு, அந்த லாபத்தை நம்பி ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, பிறகு மூலப்பொருள் வாங்கப் பணமில்லாமல் நிற்கும் நிறுவனங்களை என் வேலையில் நிறையப் பார்க்கிறேன். யாரும் திருடவில்லை, கூட்டல் கழித்தலும் சரியாகவே இருக்கும். பதிந்த இடம்தான் தப்பு.

செலவா சொத்தா என்ற இதே கேள்வியில்தான் வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் விழுந்தது. மற்ற நிறுவனங்களின் கம்பிகளைப் பயன்படுத்தக் கொடுத்த வாடகையை, அதாவது அசல் நடைமுறைச் செலவை, வேண்டுமென்றே சொத்து என்று எழுதி லாபத்தை ஊதிக் காட்டினார்கள். 2002 ஜூனில் முதலில் வெளிவந்த தொகையே 380 கோடி டாலருக்கு மேல். அடுத்த மாதமே திவால் மனு. கண்டுபிடித்தது அந்த நிறுவனத்தின் சொந்த உள்தணிக்கைக் குழு, சிந்தியா கூப்பர் தலைமையில்.

நேர்கோடு:
பேரேடு சார், மன்னிக்கவும், நீங்கள் சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. வேர்ல்ட்காமுக்கு வெளித்தணிக்கை செய்தது ஆர்தர் ஆண்டர்சன். கணக்கு மோசடியில் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரானுக்கும் அதே ஆண்டர்சன்தான். உலகத்திலேயே பெரிய கணக்கு நிறுவனங்களில் ஒன்று, அத்தனை பேரும் படித்து உரிமம் வாங்கியவர்கள். அவர்களால் பிடிக்க முடியாததை என் ஊழியர் பிடிக்கவில்லை என்று எப்படிக் குறை சொல்வது? உரிமம் ஒருவரை நேர்மையாக்கிவிடுமா?

பேரேடு:
நியாயமான கேள்வி, மன்னிப்பெல்லாம் எதற்கு. உரிமம் யாரையும் நேர்மையாக்காது. பதில் சொல்ல வைக்கும். இந்த இழையில் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்.

ஆண்டர்சனுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். என்ரான் ஆவணங்களை அழித்த வழக்கில் 2002 ஜூனில் குற்றத் தீர்ப்பு. ஆகஸ்ட் கடைசிக்குள் அமெரிக்காவில் தங்கள் உரிமங்களை ஒப்படைத்தார்கள். உலகம் முழுக்க ஏறத்தாழ 85,000 பேர் வேலை பார்த்த நிறுவனம், தணிக்கைத் தொழிலில் இருந்தே போய்விட்டது. 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது, ஆனால் அதற்குள் நம்பி வர வாடிக்கையாளர் யாரும் மிச்சமில்லை. என்னைப் போன்ற ஒருவர் உங்கள் கணக்கில் கையெழுத்துப் போடும்போது பணயம் வைப்பது இதைத்தான். தப்பு செய்தால் தொழில் அமைப்பு விசாரிக்கலாம், தண்டம் போடலாம், பெயரையே நீக்கலாம். நீங்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், அதற்காகத்தான் எங்களில் பலர் தொழில் காப்பீடு வைத்திருக்கிறோம், பல நாடுகளில் அது கட்டாயமும்கூட. உரிமம் இல்லாதவர் தப்பாக எழுதினால் என்ன செய்வீர்கள்? வேலையை விட்டு அனுப்புவீர்கள், அவர் பக்கத்து நிறுவனத்தில் சேர்ந்துவிடுவார்.

உங்கள் வங்கி கையெழுத்துக் கேட்பதும் இதற்காகத்தான். அந்த அதிகாரிக்கு உங்களைத் தெரியாது, உங்கள் பட்டறையைப் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் சொந்த லாபம் இல்லாத, பொய் சொன்னால் பிழைப்பே போய்விடும் நிலையில் இருக்கும் ஒருவர் பார்த்திருக்கிறார் என்பதுதான் அவருக்கு வேண்டும். இந்தத் தொழில் தொடங்கிய கதையே அதுதான். 1854-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ கணக்காளர்கள் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தபோது, அவர்கள் வேலையில் பெரும்பங்கு நீதிமன்றத்தோடு சேர்ந்தது, திவாலானவர்களின் சொத்தைக் கணக்கிட்டுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரிப்பது போன்றது. கடன் கொடுத்துப் பணம் போனவரும், பணம் போக்கியவரும் ஒரே ஆளின் கணக்கை ஏற்றுக்கொள்ள வேண்டிய இடம் அது.

இதிலிருந்து உங்கள் கூட்டாளியின் யோசனைக்கும் பதில் வருகிறது. கணக்கைப் பார்க்காமல் கையெழுத்து மட்டும் போடத் தயாராக ஒருவர் கிடைத்தால், அவரிடமிருந்து ஓடிவிடுங்கள். உங்களுக்காகப் பார்க்காமல் போடுகிறவர் எல்லோருக்கும் அப்படித்தான் போடுவார், அவர் பெயர் கெட்டதும் உங்கள் கணக்கும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

மொத்தவியாபாரம்:
நான் சரக்கு வாங்கி விற்கும் தொழில். உரிமமுள்ள கணக்காளர் எங்களுக்கு வந்த பிறகு முதலில் மாறியது வரி இல்லை, வசூல்.

விற்பனை ஏறிக்கொண்டே போனது, லாப நட்டக் கணக்கும் லாபம்தான் காட்டியது, ஆனால் சம்பளத் தேதி நெருங்கினால் வயிற்றில் புளியைக் கரைக்கும். அவர் வந்து வரவேண்டிய பாக்கி முழுவதையும் வயது வாரியாகப் பிரித்து ஒரு தாளில் போட்டார். 30 நாளுக்குள், 60 நாளுக்குள், 90 நாளுக்குள், அதற்கு மேல். கடைசிப் பத்தியில் இருந்த தொகையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதில் பெரும்பாலானவை எங்களிடம் அதிகமாக வாங்கும் பெரிய வாடிக்கையாளர்கள், நாங்கள் யாருக்கு விழுந்து விழுந்து சரக்கு அனுப்பினோமோ அவர்கள்.

பிறகு இன்னொன்றைக் காட்டினார். நாங்கள் சப்ளையருக்கு 30 நாளில் பணம் கொடுக்கிறோம், எங்களுக்கு வருவது சராசரியாக 75 நாளில். நடுவில் உள்ள 45 நாளைக்கும் பணம் எங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். விற்பனை இரண்டு மடங்கானால் அந்தப் பள்ளமும் இரண்டு மடங்கு. அதாவது நாங்கள் வளர வளர எங்களுக்கே மூச்சு முட்டும். லாபத்தோடு ஓடுகிற நிறுவனம் ரொக்கம் இல்லாமல் மூடிப்போவது இப்படித்தான் என்றார். கடன் வாங்கலாமா என்று கேட்கப்போன எங்களிடம், முதலில் வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் தரும் கடன் நாட்களைப் பேசிக் குறையுங்கள், சப்ளையரிடம் நாள் கேளுங்கள், மீதிக்கு எவ்வளவு கடன் தேவை என்று பிறகு பார்ப்போம் என்று சொன்னவர் அவர். கடைசியில் நாங்கள் வாங்கிய கடன் நினைத்ததில் பாதிகூட இல்லை. அந்த வட்டி மிச்சத்தை யாரும் கணக்காளர் கட்டணத்துக்கு எதிரே வைத்துப் பார்ப்பதில்லை, வைத்துப் பார்க்க வேண்டும்.

சரிபார்ப்பு:
எல்லோரும் வேறு வேறு கோணத்தில் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் முதல் பதிவில் இருந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது, யாரும் அதைத் தொடவில்லை. பில் போடுவதும் வசூலிப்பதும் வங்கிக்குப் போவதும் சம்பளம் போடுவதும் ஒரே ஆள்.

அவரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்று ஒரு சின்ன நகரம், ஏறத்தாழ 16,000 பேர். அதன் நிதி அதிகாரி ரீட்டா கிரண்ட்வெல், 1990-இல் நகராட்சியின் பெயரிலேயே ஒரு ரகசிய வங்கிக் கணக்கைத் தொடங்கினார். மாநில அரசு அனுப்பியது போல போலி இன்வாய்ஸ் தயாரித்து நகராட்சிப் பணத்தை அந்தக் கணக்குக்கு மாற்றிக்கொண்டே இருந்தார், 2012-இல் கைதாகும் வரை. மொத்தம் 5.37 கோடி டாலர். ஊரில் செலவுக்குப் பணமில்லை, மாநில அரசு தர வேண்டியது தாமதமாகிறது என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டிருந்தார், எல்லோரும் நம்பினார்கள். எப்படி வெளியே வந்தது தெரியுமா? அவர் நீண்ட விடுப்பில் போன நேரத்தில் அவர் வேலையைப் பார்த்த இன்னொரு ஊழியர், நகராட்சியின் எல்லாக் கணக்குகளுக்கும் அறிக்கை அனுப்பும்படி வங்கியிடம் கேட்டார். தெரியாத ஒரு கணக்கும் சேர்ந்து வந்தது.

நேர்கோடு இங்கேயும் கேட்பார், அங்கே தணிக்கையாளர்கள் இல்லையா என்று. இருந்தார்கள், தவறவிட்டார்கள். ஆனால் நகராட்சி அவர்கள் மீதும் வங்கி மீதும் வழக்குப் போட்டு 2013-இல் ஏறத்தாழ 4 கோடி டாலரைத் திரும்ப வாங்கியது. பேரேடு சொன்னாரே பதில் சொல்ல வைக்கும் என்று, அது இதுதான்.

நல்ல கணக்காளர் உள்ளே வந்ததும் தொடும் முதல் பொருள் வங்கி அறிக்கை. உங்கள் புத்தகத்தில் உள்ள வங்கிக் கணக்கையும் வங்கி தந்த அறிக்கையையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் புள்ளி வைப்பார். நீங்கள் கொடுத்து இன்னும் மாறாத காசோலை, வங்கி பிடித்துக்கொண்ட கட்டணம், கடைசி நாளில் போட்டு மறுநாள் ஏறிய தொகை, இவைதான் பெரும்பாலும் வித்தியாசமாக நிற்க வேண்டும். போன மாதம் நின்ற அதே வித்தியாசம் இந்த மாதமும் நின்றால் ஏன் என்று கேட்பார். சின்னத் தொகைதானே விடுங்கள் என்று சொன்னால் இன்னும் அழுத்திக் கேட்பார், ஏனென்றால் ஒரு பெரிய வரவும் ஒரு பெரிய செலவும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு சின்ன வித்தியாசமாகத் தெரியலாம்.

பட்டறைக்காரன்:
சரிபார்ப்பு எழுதியதைப் படித்துவிட்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. எங்கள் ஆள் விடுப்பே எடுப்பதில்லை, அதைத்தான் இத்தனை நாளும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் மேல் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் இதை எப்படி ஆரம்பிப்பது? வெளியாளைக் கொண்டுவந்தால் நம்மை நம்பவில்லை என்று மனம் நோகாதா?

சரிபார்ப்பு:
நோகும், சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னால் குறைவாக நோகும். ஒன்றை அவரிடம் நேராகச் சொல்லுங்கள்: நாளைக்குப் பணம் குறைந்தால், எல்லாச் சாவியும் உங்களிடம் மட்டும் இருப்பதால் முதல் பழி உங்கள் மேல்தான் விழும், குற்றம் செய்யாவிட்டாலும் நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. வேலையைப் பிரிப்பது நேர்மையான ஆளுக்குத்தான் அதிகப் பாதுகாப்பு. இதை அவர் முதலில் ஏற்காவிட்டாலும் யோசித்துப் பார்த்தால் ஏற்பார்.

பெரிய மாற்றமெல்லாம் வேண்டாம். வங்கி அறிக்கை நேராக உங்களுக்கோ கூட்டாளிக்கோ வரட்டும், நீங்கள் பார்த்த பிறகு அவருக்குப் போகட்டும். புதிய சப்ளையரைச் சேர்ப்பதும் அவருக்குப் பணம் அனுப்புவதும் ஒரே ஆள் செய்ய வேண்டாம். சம்பளப் பட்டியலில் உள்ள பெயர்களையும் பட்டறையில் நிற்கும் ஆட்களையும் கூட்டாளி அவ்வப்போது ஒத்துப் பார்க்கட்டும். அவருக்கு வருடத்தில் தொடர்ச்சியாகச் சில நாள் கட்டாய விடுப்பு, அந்த நாட்களில் வேறொருவர் அந்த வேலையைச் செய்ய வேண்டும், குவித்து வைக்கக் கூடாது. இந்த அமைப்பை உங்கள் பட்டறையின் அளவுக்கு ஏற்ப வகுத்துத் தருவதும் உரிமமுள்ள கணக்காளர் வேலைதான்.

பேரேடு:
ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சேர்க்கிறேன். தொழில் அமைப்பின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், சுவரில் மாட்டிய சான்றிதழை நம்பாதீர்கள். பழைய சான்றிதழ் அப்படியே தொங்கும். உங்கள் தொழில் மாதிரித் தொழிலுக்கு வேலை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். உற்பத்தியில் அடக்கவிலை போடத் தெரிய வேண்டும், அது எல்லோருக்கும் வராது. கையெழுத்து அவருடையது, வேலையை உண்மையில் யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். என்னென்ன வேலை, எப்போது முடிப்பார், கட்டணம் எப்படி, எல்லாம் எழுத்தில் வேண்டும். சாஃப்ட்வேரின் முதன்மைக் கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டும், அவரிடமிருந்து பிரிய நேர்ந்தால் உங்கள் கணக்கு உங்களோடு வர வேண்டும்.

முக்கியமாக ஒன்று. கணக்கை எழுதித் தருபவரும் அதே கணக்கைத் தணிக்கை செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, தன் வேலையைத் தானே சரிபார்த்ததற்கு மதிப்பில்லை. வங்கி கேட்பது தணிக்கை செய்த கணக்கா, தயாரித்துக் கையெழுத்திட்ட கணக்கா என்று முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் வேலையும் வேறு, கட்டணமும் வேறு.

ஆள் கிடைத்த பிறகு அவரை வருடக் கடைசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். இயந்திரம் வாங்கும் முன், வாடகை ஒப்பந்தம் போடும் முன், புதுக் கூட்டாளியைச் சேர்க்கும் முன் ஒரு போன் செய்யுங்கள். வாங்கி முடித்து பில்லோடு வந்தால் எங்களால் அதைப் பதியத்தான் முடியும். வாங்குமுன் கேட்டால் சொந்தமாக வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா, எந்த மாதத்தில் வாங்குவது, மாதத் தவணையை இந்த வியாபாரம் தாங்குமா என்று போட்டுப் பார்த்துச் சொல்ல முடியும். தனிவழிக்கும் இதையே சொல்வேன். படிவத்துக்குக் கொடுக்கும் பணம் அதிகமாகத் தெரிகிறது என்றால், அவரிடம் படிவத்தைத் தவிர எதையும் நீங்கள் கேட்பதில்லை என்று அர்த்தம்.

தனிவழி:
கடைசி வரி எனக்குத்தான் என்பதால் பதில் சொல்கிறேன். நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை என்பது உண்மை. ஆனாலும் என்னைப் போன்ற ஒற்றை ஆள் தொழிலுக்கு மாதாமாதம் ஆள் வேண்டாம், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை உட்கார்ந்து பேசும் நேரத்துக்குப் பணம் கொடுத்தால் போதும் என்பது என் கருத்து. யாரும் அதை மறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பேரேடு:
மறுக்கவில்லை. ஆளும் சரக்கும் கடனும் சேரும் நாளில் அதை மறுபடி யோசியுங்கள்.

பட்டறைக்காரன்:
கூட்டாளியிடம் இந்த இழையை அப்படியே காட்டிவிட்டேன். முன்பணம் பற்றிய பத்தியைப் படித்ததும் தானே எழுந்துபோய் எங்கள் ஆர்டர் புத்தகத்தை எடுத்துவந்தார். அடுத்த வாரம் ஒருவரைச் சந்திக்கிறோம், பதிவேட்டில் பெயர் பார்த்தாயிற்று. ஒரே ஒரு சந்தேகம். ஆண்டு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. சரக்கிருப்பை நாங்களே எண்ணி வைத்துவிட்டு அவரைக் கூப்பிடலாமா, அவர் வந்த பிறகு எண்ணலாமா?

பேரேடு:
வந்த பிறகு. எண்ணும்போது அவரோ அவருடைய ஆளோ கூட நிற்கட்டும், தணிக்கை தேவைப்பட்டால் அது ரொம்ப முக்கியம். பாதி வேலை முடிந்த உதிரிபாகங்களைத் தனியாக ஒதுக்குங்கள், எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டு ஒட்டுங்கள். வாடிக்கையாளர் வேலைக்காகக் கொடுத்த பொருள் உங்கள் சரக்கு இல்லை, அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அப்புறம், கடைசி நாளன்று வெளியே போன கடைசி டெலிவரி சீட்டு எண்ணையும் உள்ளே வந்த கடைசிச் சரக்கு ரசீது எண்ணையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். எண்ணி முடித்ததும் அவர் கேட்பது அந்த இரண்டு எண்களைத்தான்.